கோபம் போதவில்லை

இசைத் தர நிர்ணயக் கழகத்தின் கட்டிடத்துக்குள் வெளிச் சத்தம் நுழைந்துவிடக் கூடாது என்று சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். உள்ளே போகிறவனுக்குத் தன் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ விடுவது போலக் கேட்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ரப்பர் அடி வைத்த செருப்பு. பாட்டை எடை போடுகிற இடத்தில் பாட்டைத் தவிர வேறொன்றும் காதில் விழக் கூடாது என்பது ஏற்பாடு. பாட்டும் பெரும்பாலும் யார் காதிலும் விழுவதில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது.

சைலன்சர்காரர் அங்கே போய் நின்றபோது அவருடைய செருப்பு மட்டும் கீச்சிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் முறைத்துப் பார்த்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எவனையும் அவர் நம்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்பதால் பள்ளிக்கூடத்தையே சீக்கிரம் விட்டவர்.

லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சைலன்சர் ஒட்டித் தருவது அவர் தொழில். ஓட்டை விழுந்து உறுமிக்கொண்டு வருகிற வண்டி அவர் பட்டறையை விட்டுப் போகும்போது பூனை மாதிரிப் போகும். இப்படி ஊரார் வண்டிச் சத்தத்தையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்த மனிதருக்கு டிரம்ஸ் அடிக்கிற மகன் வந்து வாய்த்தான். ஊர் அவனை இடி என்று கூப்பிட்டது. மேடையில் அவன் அடித்தால் முன்வரிசைக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொள்வான். அவனிருந்த ராக் குழுவின் பெயரைச் சுவரில் ஒட்டினாலே மைதானம் நிரம்பும். சட்டை கிழியும், கிட்டார் உடையும், போலீஸ் வரும். பெற்றவர் மட்டும் ஒரு நாளும் போனதில்லை. தகரக் கடைக்குள் மாடு புகுந்த மாதிரி இருக்கிறது என்று வாசலில் நின்று சொன்னதோடு சரி.

இவ்வளவு பெயர் எடுத்தும் அவர்கள் ஆல்பம் என்று ஒன்று போட்டதில்லை. இப்போதுதான் முதல் ஆல்பம் வந்திருந்தது. அது மெதுவாக இருந்தது.

காரணம் வெளியில் யாருக்கும் தெரியாது. இடியின் நெஞ்சு கெட்டுப் போயிருந்தது. டாக்டர்கள் இனி இங்கே வைத்துப் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குச்சியைத் தோளுக்கு மேல் தூக்கினால் மூச்சு நின்று நின்று வரும். அவன் குச்சியைப் போட்டுவிட்டு, டிரம்ஸை வருடுகிற மாதிரி மெல்லத் தட்டுகிற கம்பி பிரஷ்ஷை எடுத்தான். அதுவும் முடியாத இடத்தில் விரல் நுனியால் தட்டினான். மற்ற மூன்று பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவன் சத்தம் எந்த அளவுக்கு இருந்ததோ அந்த அளவுக்குத் தங்கள் சத்தத்தைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். தொண்டை கிழியக் கத்துகிற பாடகன், அதே அறையில் படுத்திருப்பவனிடம் பேசுகிற மாதிரிப் பாடினான். பதிவை வீட்டில் ஓடவிட்ட அன்று, கீழே பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த சைலன்சர்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டு முடிகிற வரை நின்றார். மேலே போய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் இல்லை.

கழகத்தின் முத்திரை இல்லாமல் எந்த வானொலியும் எந்தப் பாட்டையும் போடக் கூடாது என்பது சட்டம். இடிக்கோ ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. அவன் படுத்திருந்த மாடி அறை ஜன்னலுக்கு எதிரே ஒரு சலவைக் கடை. அங்கே தேய்ப்புப் பெட்டி சூடாக இருக்கிற நேரமெல்லாம் வானொலி பாடிக்கொண்டிருக்கும்.

"நாமளே போட்டுக் கேட்டா அது கண்ணாடியில மூஞ்சியப் பாத்துக்கிற மாதிரிப்பா," என்றான். "எதுத்த கடை ரேடியோவுல வரணும். நான் இருக்கறது தெரியாமலே எவனோ போட்டு, அது பாட்டுக்கு வந்து என் காதுல விழணும். அது ஒண்ணு போதும்."

இசைத்தவரோ ரத்த உறவோதான் நேரில் கொண்டுவந்து தர வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம். பாடகனை அனுப்பினால் அவன் வாய் சும்மா இருக்காது, முதல் நாளே யாரையாவது அடித்துவிட்டு வருவான். அதனால் அப்பா போக வேண்டியதாயிற்று. நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சொல்லித்தான் மகன் அனுப்பினான். பரிதாபப்பட்டு யாரும் கேட்க வேண்டாமாம்.

வாசலில் இருந்த பியூன் நல்ல மனிதர். பக்தியா, காதலா, கோபமா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல். என் மகன் அடித்தது என்றார் சைலன்சர்காரர். ராக் என்றால் கோபம்தான், மூன்றாவது ஜன்னல் என்று பியூன் கையைக் காட்டினார்.

மூன்றாவது ஜன்னலில் பாட்டை மொத்தமாக வாங்க மாட்டார்கள். கிட்டார் தனி, குரல் தனி, டிரம்ஸ் தனி என்று பிரித்துப் பதிந்த நாடாக்களைத்தான் வாங்குவார்கள். எந்தச் சத்தத்துக்கு யார் பொறுப்பு என்று தெரிய வேண்டுமாம். மகன் விஷயம் தெரிந்தவன், பிரித்தே கொடுத்திருந்தான். ஜன்னல்காரர் டிரம்ஸ் நாடாவைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்தார். சைலன்சர்காரருக்கு அது என்னவோ போல இருந்தது.

முதல் பரிசோதனை தலையாட்டும் அறையில். ஒரு வரிசை நாற்காலியில் கழகத்தின் நிரந்தரத் தலையாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். பல வருட அனுபவம் உள்ளவர்கள். பதவி உயர உயரக் கழுத்துப்பட்டையின் நிறம் மாறும். பாட்டைப் போட்டதும் அவர்கள் தலை எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று ஒருவர் பார்ப்பார், கால் கட்டை விரல் தட்டுகிறதா என்று இன்னொருவர் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார். இந்த ஆல்பம் ஓடியபோது எந்தத் தலையும் ஆடவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த மூத்த தலையாட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. படுத்திருந்தவர் எழுந்து, அறையில் தூசி என்று எழுதிக்கொண்டார். மறுநாள் அந்த மூத்தவரின் கழுத்துப்பட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்களாம். பக்கவாட்டில் அசைந்ததாகக் குற்றம்.

அடுத்து மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் விசாரணை. நீளமான மேஜை. நடுவில் தலைவர், பக்கத்தில் செயலாளர், இன்னொரு பக்கம் இசையைப் பற்றிப் புத்தகம் எழுதிய பேராசிரியர். சைலன்சர்காரருக்கு நாற்காலி போடவில்லை. பேராசிரியர் ரொம்ப வருத்தத்தில் இருந்தார்.

"இவங்க முன்னாடியெல்லாம் மேடையில ஏறி எங்களைத்தான் திட்டுவாங்க," என்றார். "கழகத்தைக் கொளுத்தணும்னு ஒரு பாட்டே உண்டு. அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா ராத்திரி நல்லாத் தூக்கம் வரும், நாமளும் ஒரு ஆளுதான்னு. இந்த ஆல்பத்துல எங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாங்க செத்தா போயிட்டோம்?"

தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டுப் பேசினார். குரல் வெல்லப்பாகு மாதிரி இருந்தது.

"பெரியவரே, எழுச்சிக்கு நாங்க எதிரி இல்ல. இந்தக் கழகத்தை ஆரம்பிச்சதே எழுச்சியை வளர்க்கத்தான். இளைஞன்னா மீறணும். ஆனா எவ்வளவு மீறணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சின்னப் பையன். அதை அளந்து சொல்லத்தான் நாங்க இருக்கோம். இதுல மீறல் நாங்க வெச்ச அளவுக்குக் கீழ இருக்கு. இது விதிமீறல்."

"அப்ப மீறிட்டான்தானே?" என்றார் சைலன்சர்காரர்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். கடைசியில், அது அனுமதி வாங்காத மீறல் என்று முடிவாயிற்று. மேடையில் அப்படி உடைத்தவர்கள் இதில் ஏன் மெதுவாகப் போனார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சைலன்சர்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். மகனுக்குக் கொடுத்த வாக்கு. தெரியாது என்றார். அப்பனுக்கே தெரியவில்லை என்று அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு பாடகனை வரச் சொன்னார்கள். கோபம் தொலைந்து போய்விட்டதா, இன்னும் ஆளிடம் இருக்கிறதா என்று பார்க்கவாம். அவன் மார்பில் ஒரு கருவியைக் கட்டினார்கள். சினமானி என்று அதற்குப் பெயர். காத்திருக்கச் சொல்லி ஒரு பகல் முழுக்க நிற்க வைத்தார்கள். சாயங்காலம் அவன் அந்தக் கருவியைப் பிடுங்கித் தரையில் அடித்து, குழுவின் மூன்று தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினான். குழுவினர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பேராசிரியர் எழுந்து கை தட்டினார். கலைஞனிடம் கோபம் போதுமான அளவு உள்ளது, ஆல்பத்தில் மட்டும் இல்லை, ஆகவே இங்கிருப்பதை எடுத்து அங்கே சேர்த்துவிட்டு மறுபடி கொண்டுவரவும் என்று தீர்ப்பு ஆயிற்று.

மறுபடி அடிக்க மகனால் முடியாது. சைலன்சர்காரர் வேறு வழி கேட்டார். அப்படியானால் இது தாலாட்டுப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று மேல் மாடிக்கு அனுப்பினார்கள்.

அங்கே தொட்டில்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பாட்டுப் போட்டதும் குழந்தைகள் அழுகையை நிறுத்தின. ஆனால் தூங்கவில்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தன. விழித்திருக்கும் குழந்தை தோல்விக்குச் சமம் என்று அந்தப் பிரிவின் அம்மாள் சொல்லிவிட்டார். அமைதியாக விழித்திருப்பது இன்னும் மோசமாம், அது பெரியவர்களாகும் அறிகுறியாம்.

இப்படியே நாள் ஓடியது. சைலன்சர்காரர் காலையில் போவார், பொழுது சாயத் திரும்புவார். பட்டறையில் வண்டிகள் ஓட்டைச் சைலன்சரோடு வந்து நின்று உறுமிவிட்டுப் போயின. அவர் படியேறி வரும்போதே மகன் ஜன்னல் பக்கம்தான் தலையைத் திருப்பி வைத்திருப்பான். முதலில் எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டான். கேட்காமல் விட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மகள் தம்பிக்குத் தலையணையை உயர்த்தி உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். இனி உயர்த்த இடமில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினான்.

வாசல் பியூன் ஒரு நாள் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். நடந்து நடந்து தேய்ந்து போய்விட்டீர்களே என்று வருத்தப்பட்டார். இந்தக் கட்டிடத்தில் ஒரே ஒரு பிரிவில்தான் வேலை அன்றைக்கன்றே முடியும் என்றார்.

"மறைந்தோர் பிரிவு. அங்க கேட்டுப் பாக்குறதே கிடையாது. பாட்டுக் குழுவுல ஒருத்தர் போயிட்டாப் போதும், காலையில குடுத்தா சாயங்காலம் ரேடியோவுல வந்துரும். உங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. என்ன பண்றது."

சைலன்சர்காரர் படியிறங்கினார். பாதி வழியில் நின்றார். அவர் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. நல்லவர் என்பதால் இல்லை, பொய் சொல்ல வேண்டுமானால் எதிரில் இருப்பவனுக்குக் கொஞ்சமாவது மரியாதை கொடுத்தாக வேண்டும் என்பதால். திரும்பி மேலே ஏறினார்.

மறைந்தோர் பிரிவில் மேஜைக்கு மேஜை பூ வைத்திருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். இந்தக் கட்டிடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. யார் என்று கேட்டார்கள். என் மகன் என்றார். எப்போது என்று கேட்டார்கள். காலையில் என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

விஷயம் கேட்டுத் தலைவரே இறங்கி வந்துவிட்டார். பேராசிரியரும் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் தடவை கேட்டப்பவே எனக்குத் தெரியும். என்ன ஒரு நிதானம். சாவு வர்றது தெரிஞ்சு அடிச்ச அடி. உயிரோட இருந்தா இதைக் குறைன்னு சொல்லியிருப்போம். இப்ப இதுதான் நிறைவு. தம்பி சரியான நேரத்துல எங்களுக்கு உதவி பண்ணியிருக்கார்."

அந்த மெதுவுக்குள் பேரெழுச்சி ஒளிந்திருப்பதாகப் பேராசிரியர் கண்டுபிடித்தார். அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப் போவதாகவும் சொன்னார். முத்திரை விழுந்தது. செயலாளர் மறைந்தோர் விதிகளை எழுந்து நின்று வாசித்தார். மறைந்தவருக்குரிய மௌன மரியாதை ஒலிபரப்பிலேயே முழுமையாகச் செலுத்தப்படும், கழகத்தின் சார்பில் மலர்வளையம் வீடு தேடி வரும் என்று அதில் இருந்தது. சைலன்சர்காரருக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலம் ரேடியோவில் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் கையிலிருந்த மருந்துப் பாட்டிலை வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"கண்ணு முன்னாடி உக்காந்திருக்கான். உங்க வாயால எப்படிப்பா சொன்னீங்க?"

இடி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "விடுக்கா. அப்பா எதையும் முடிச்சுக் குடுக்குற நாளுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுருவாரு. பட்டறையில அவருக்குப் பேரே அதுக்குத்தான்." பிறகு, "தலைவர் அழுதாரா?" என்று கேட்டான். கண்ணாடியைத் துடைத்தார் என்றார் அப்பா. போதும் என்றான்.

வெயில் இறங்கியது. மகள் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். எதிர்க் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வானொலியில் அறிவிப்பாளன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நம்மை விட்டு மறைந்த என்று தொடங்கி மகனின் பெயரைச் சொன்னான். சலவைக்காரர் கை நின்றது. ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். இடி அங்கிருந்து கையாட்டினான். அவர் பயந்துபோய் உள்ளே நகர்ந்தார்.

பாட்டு வந்தது. தெருவைக் கடந்து, பஸ்ஸின் உறுமலுக்கு நடுவே, அவன் ஆசைப்பட்ட மாதிரியே வந்தது. முதலில் கிட்டார். அப்புறம் குரல். அப்புறம் பிரஷ் வர வேண்டிய இடம்.

பிரஷ் வரவில்லை.

சைலன்சர்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பாட்டு நொண்டி நொண்டிப் போனது. ரேடியோ கோளாறு என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சலவைக்காரரைக் கூப்பிட்டார். அதற்குள் அறிவிப்பாளன் நடுவில் புகுந்து, கழகத்தின் விதிப்படி மறைந்தவர் இசைத்த பகுதி முழுவதும் மௌனமாக ஒலிபரப்பாகிறது, நேயர்கள் அந்த மௌனத்தைக் கேட்டு மரியாதை செலுத்தவும் என்று சொல்லிவிட்டுப் போனான். தனிப் பெட்டியில் வைத்த அந்த நாடா அவர் கண் முன்னால் வந்தது. அவரே கொண்டுபோய்க் கொடுத்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் பக்கம் திரும்ப அவருக்குத் துணிவில்லை. ஊர் வண்டிச் சத்தத்தையெல்லாம் அடக்கிய கையால் சொந்தப் பிள்ளையையும் அடக்கியாயிற்று.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல் நுனி. பாட்டில் ஓட்டை விழுந்த இடத்தில் வந்து சரியாக உட்கார்ந்தது. மகன் கண்ணை மூடிக்கொண்டு, வானொலிக்குள் இல்லாத தன்னை வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான். மகள் தலையணையைப் பிடித்துக்கொண்டாள். நொண்டிய பாட்டு அந்த அறைக்குள் மட்டும் நேராக நடந்தது.

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். சைலன்சர்காரர் இறங்கிப் போய்த் திறந்தார். செயலாளர் ரப்பர்ச் செருப்போடு நின்றிருந்தார். பின்னால் இரண்டு ஆள் மலர்வளையத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். செயலாளர் உதட்டில் விரலை வைத்து, எதிர்க் கடை வானொலிப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். மௌனம் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அவர் முகம் சுருங்கியது. மாடிப் பக்கம் நிமிர்ந்தார்.

"யாரு அங்க தட்டுறது?"

"செத்தவன்தான்," என்றார் சைலன்சர்காரர்.

செயலாளர் யோசித்தார். முத்திரை போட்டாயிற்று. கழகம் போட்ட முத்திரையைக் கழகம் எடுத்த வழக்கமில்லை. மலர்வளையத்தை வாசலில் சாய்த்து வைக்கச் சொன்னார்.

"அப்படின்னா கொஞ்சம் மெதுவாத் தட்டச் சொல்லுங்க," என்றார். "மரியாதை நடக்குது."

சைலன்சர்காரர் காது கொடுத்தார். மேலே தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"இதுக்கு மேல மெதுவா அவனால முடியாது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.